ரத்தத்தில் ஏறாத கேரட்

லிஃப்ட் மெக்கானிக் தன் பத்து வருட இல்லற வாழ்க்கையில் மனைவியிடம் சொன்ன பொய்களை ஒவ்வொன்றாக நிற்க வைத்தால், பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டு முழுவதும் நிரம்பி, மொட்டை மாடியிலும் கொஞ்சம் பேர் நிற்க வேண்டியிருக்கும். சிகரெட்டை விட்டுவிட்டதாக மட்டும் நான்கு முறை சொல்லியிருக்கிறான். நான்கு முறையும் அவனுடைய சட்டைப் பை அவனைக் காட்டிக்கொடுத்தது. ஐந்தாவது முறை நிஜமாகவே விட்டான். அதை அவள் நம்பவில்லை. நம்பாததில் நியாயம் இருந்தது என்பதால் அவனும் வற்புறுத்தவில்லை.

அப்படிப்பட்டவன் கடந்த மூன்று மாதமாக ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அப்பழுக்கில்லாமல் நடந்துகொண்டான். தனக்குக் கட்டிக் கொடுத்த காய்கறி அத்தனையையும் ஒரு துண்டு விடாமல் தின்றான். இதை உலகத்தில் யாரும் நம்பவில்லை. அவனுடைய சொந்த ரத்தமே நம்பவில்லை.

விஷயம் ஆரம்பித்தது மனைவி கொண்டுவந்த ஒரு துண்டுப் பிரசுரத்தில். அவள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். தினமும் நூறு பேர் நீட்டும் காகிதத்தில் எது ஒரிஜினல், எது டூப்ளிகேட் என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள். சுகாதார ஆய்வு மையம் ஒன்று தம்பதிகளைத் தேடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வாரம் நிறையக் காய்கறி, பழம் சாப்பிட வேண்டும். என்ன சாப்பிட்டோம், எவ்வளவு எண்ணெய் ஊற்றினோம் என்று தினமும் டைரியில் கட்டம் கட்டமாக எழுத வேண்டும். ஆரம்பத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை ரத்தம் கொடுக்க வேண்டும்.

டைரியில் எழுதிய பிறகு ரத்தம் எதற்கு என்று கேட்டால், அங்கேதான் விஞ்ஞானம் இருக்கிறது. காய்கறி எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் மனிதர்கள் உண்மையைச் சொல்வதில்லை. ஒரு வாழைப்பழத்தை ஐந்து நாளைக்கு எழுதுகிறார்கள். பொரித்த உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கிறார்கள். ஆகவே விஞ்ஞானிகள் வாயைக் கேட்பதை விட்டுவிட்டு ரத்தத்தைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கேரட்டுக்கும் கீரைக்கும் பப்பாளிக்கும் நிறம் கொடுக்கிற கரோட்டினாய்டு என்ற சமாச்சாரத்தை உடம்பு தானாகச் செய்துகொள்ளாது. தின்றால்தான் ரத்தத்தில் வரும். ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ, அதை வைத்து வாய்க்குள் எவ்வளவு போனது என்று சொல்லிவிடலாம்.

இதைப் படித்தபோது மனைவியின் முகத்தில், கல்யாணத்தன்றுகூட அவன் பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது.

"பத்து வருஷமா நான் கையால செஞ்சிட்டு இருந்த வேலைக்கு மெஷின் வந்திருக்கு," என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவளுடைய அப்பா என்று ஒருவர் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சமைத்த உணவிலிருந்தும் ஓய்வு பெற்றவர். வருடத்துக்கு ஒரு முறை இருபத்தொரு நாள் இயற்கை வாழ்வு முகாமுக்குப் போவார். விடிவதற்கு முன் எழுப்பிவிடுவார்கள், வயிற்றில் மண் பூசுவார்கள், பச்சைச் சுரைக்காயை மென்றுகொண்டே நன்றி சொல்ல வேண்டும், போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். அறை இரண்டு பேருக்கு என்பதால் மாமனார் வருடா வருடம் ஒரு துணையைத் தேடிக்கொண்டிருந்தார். போன வருடத் துணை மூன்றாம் நாள் சுவரேறிக் குதித்துவிட்டாராம்.

மனைவி தீர்ப்பைச் சொன்னாள். "மூணு மாசம் ஒழுங்கா சாப்பிடுங்க. ரத்தத்துல ஏறிடுச்சுன்னா உங்களை இனிமே ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ஏறலைன்னா அப்பாகூட முகாமுக்குக் கிளம்புறீங்க."

மெக்கானிக் ஒத்துக்கொண்டான். முகாம் மேல் பயம் ஒரு பக்கம். ஆனால் உள்ளுக்குள் இன்னொரு ஆசையும் இருந்தது. இந்த ஒரு தடவையாவது அவள் தன்னைப் பார்த்து "சரி, நம்புறேன்" என்று சொல்ல வேண்டும். பத்து வருடத்தில் அந்த வார்த்தையை அவள் சொல்லிக் கேட்டதே இல்லை.

மறுநாள் முதல் வீட்டில் எண்ணெய் காணாமல் போனது. எண்ணெய்தான் எல்லா வியாதிக்கும் தாய் என்பது மாமனாரின் கொள்கை. ஆய்வு மையம் எண்ணெயை நிறுத்தச் சொல்லவில்லை என்றாலும், செய்வது செய்கிறோம், முழுசாகச் செய்வோம் என்று மனைவி முடிவு செய்தாள். கேரட், பூசணி, பீன்ஸ், கீரை, முட்டைகோஸ், முள்ளங்கி எல்லாம் ஒரே குக்கரில், ஒரே விசிலில், ஒரே கதியை அடைந்தன. அதிலிருந்து இரண்டு டப்பா. நீல மூடி அவனுக்கு, சிவப்பு மூடி அவளுக்கு.

லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கு மதியச் சாப்பாடு பெரும்பாலும் மொட்டை மாடியில், மோட்டார் அறையில். கூட வேலை செய்கிறவனுக்கு 'ஓவர்லோடு' என்று பெயர். அவன் ஏறினாலே லிஃப்ட் மணியடித்துக் கதவை மூட மறுக்கும். அவன் நீல மூடி டப்பாவை எட்டிப் பார்த்தான்.

"இது என்னடா?"

"பூசணி."

"உயிரோட இருந்தப்ப பாத்திருக்கேன். இப்ப அடையாளமே தெரியல."

"ரத்தத்துல ஏறணும்டா. அதுக்குத்தான்."

"ரத்தத்துல ஏறுமோ என்னமோ, எனக்குப் பாத்ததுமே கண்ணுல தண்ணி ஏறுது," என்று சொல்லிவிட்டு ஓவர்லோடு தன் பொரித்த மீனைப் பிரித்தான். மெக்கானிக் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, மூக்கால் மூச்சு விடாமல், பூசணியைத் தின்று முடித்தான். இப்படி எண்பத்துநான்கு நாள். ஒரு நாள் கல்யாண மண்டப லிஃப்ட் பழுது. வேலை முடிந்ததும் மண்டபக்காரர் இரண்டு பேருக்கும் இலை போட்டார். ஓவர்லோடு இரண்டு இலையிலும் சாப்பிட்டான். மெக்கானிக் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே, செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து முட்டைகோஸ் தின்றான்.

அன்று மாலை டைரியில் 'முட்டைகோஸ், ஒன்றரைக் கிண்ணம்' என்று எழுதியபோது, மனைவி பார்க்கும்படியே பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டான்.

பன்னிரண்டு வாரம் முடிந்தது. டப்பாக்கள் மட்டும் நிற்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள்.

ஆய்வு மையத்தின் சுவரில் ஒரு சிரிக்கிற தக்காளி ஒட்டியிருந்தது. அதன் கீழே மூக்குக் கண்ணாடி நழுவிக்கொண்டே இருக்கும் ஒரு இளம் பெண். ஆரம்பத்திலிருந்து இவர்கள் இருவரையும் கவனித்து வந்த ஆய்வாளர். கணினியைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு கோடு. ஒன்று மலை மாதிரி ஏறியிருந்தது. இன்னொன்று படுத்த படுக்கையாகக் கிடந்தது.

"மேலே போறது நீங்க மேடம். ரெண்டு மடங்குக்கு மேல ஏறியிருக்கு. அதுவும் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாம. எங்க தலைமை ஆய்வாளர் அசந்துட்டார். அடுத்த மாசம் மாநாட்டுல உங்களைப் பத்தித்தான் பேசப் போறார். ஒரு போட்டோ கொடுத்தீங்கன்னா நல்லாருக்கும்."

மனைவி, போட்டோவுக்கெல்லாம் ஆசைப்படாதவர்கள் வைத்துக்கொள்ளும் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அந்தக் கீழ இருக்கிறது?" என்றான் மெக்கானிக். கேட்டிருக்க வேண்டாம்.

"அது நீங்க சார்." கண்ணாடியைத் தூக்கிவிட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க. டைரில எழுதியிருக்கிறதெல்லாம், வந்து, சாப்பிட்டதுதானா? இல்ல, சாப்பிடணும்னு நெனச்சதா?"

"சாப்பிட்டதுதான்."

"நெறைய பேர் அப்படித்தான் சார் சொல்வாங்க," என்றாள் மிகுந்த பரிவோடு. அவனை யாராவது அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பஸ்ஸில் மூன்று நிறுத்தம் வரைக்கும் மனைவி டிக்கெட்டின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான்காவதில் கேட்டாள்.

"எங்க கொட்டுனீங்க?"

"கொட்டலை."

"லிஃப்ட் குழியிலயா?"

"லிஃப்ட் குழியில கொட்டுனா எலி வரும். எலி வயரைக் கடிக்கும். வயரைக் கடிச்சா நான்தான் உள்ள எறங்கணும். எனக்கு நானே வேலை வச்சுக்குவேனா?"

"எவ்ளோ யோசிச்சு வச்சிருக்கீங்க பாருங்க," என்றாள்.

அதற்கு மேல் அவன் என்ன சொன்னாலும் அவளுக்கு அந்த எலிக் கதையின் தொடர்ச்சியாகத்தான் கேட்டது.

"ஒரே குக்கர்," என்று அவளே தொடர்ந்தாள். "ஒரே காய். எனக்கு ஏறுது, உங்களுக்கு ஏறலை. நான் என்னன்னு நெனைக்கட்டும், சொல்லுங்க."

புதன்கிழமை மாமனார் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை காலைல கெளம்பறோம். ஜன்னல் பக்கத்துக் கட்டிலை உங்களுக்குன்னு சொல்லி வச்சிட்டேன். மண் குளிர்ச்சியா இருக்கும், ஒரு பனியன் அதிகமா எடுத்துக்குங்க."

மெக்கானிக் தன் கடைசி சாட்சியை இறக்கினான். ஓவர்லோடு போனில் மனைவியிடம் பேசினான்.

"அண்ணி, சத்தியமா சாப்பிட்டான். நானே பாத்தேன். செவுத்தைப் பாத்து உக்காந்து, கண்ணை மூடிட்டு சாப்பிட்டான்."

"அண்ணா, போன வருஷம் அவர் சட்டைல வந்த சிகரெட் வாசனை உங்களோடதுன்னு சொன்னதும் நீங்கதானே?"



"நான்தான் அண்ணி," என்றான் ஓவர்லோடு. பிறகு வேலை இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

வியாழக்கிழமை மெக்கானிக் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு ஆய்வு மையத்துக்குத் தனியாகப் போனான். "இன்னும் ரெண்டு புட்டி வேணும்னாலும் ரத்தம் எடுத்துக்குங்க. நான் சாப்பிட்டேன்னு ஒரு காகிதத்துல எழுதிக் கொடுங்க," என்றான். ரத்தம் கொடுக்க மாட்டேன் என்று ஓடுகிறவர்களையே பார்த்துப் பழகிய அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் பாவமாக இருந்திருக்க வேண்டும். அலமாரியிலிருந்து அவன் எழுதிய டைரியையே எடுத்து வந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். பத்தாவது பக்கத்தில் நின்றாள். பின்னால் திருப்பினாள். முன்னால் திருப்பினாள்.

"சார், எண்ணெய்க் கட்டத்துல நீங்க எதுவுமே எழுதலையே."

"ஒண்ணும் ஊத்தலையே, என்னத்த எழுதறது? எங்க லிஃப்ட் பராமரிப்பு நோட்டுல, செஞ்ச வேலையைத்தான் எழுதுவோம். செய்யாததுக்குக் கட்டத்தை அப்படியே விட்டுடுவோம். இருபது வருஷப் பழக்கம்."

"மேடம் எல்லா நாளும் பூஜ்யம்னு எழுதியிருக்காங்க."

"அவ ஆபீஸ்ல ஒரு கட்டம் காலியா இருந்தா பத்திரமே செல்லாது. அந்தப் பழக்கம்."

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கெட்ட செய்தி சொல்லப் போகிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. "எங்க பழக்கம் வேற சார். கட்டம் காலியா இருந்தா, எழுத மறந்துட்டாங்கன்னு ஊர் சராசரியைப் போட்டுடுவோம். ஒரு நாளைக்கு ரெண்டு தேக்கரண்டி."

மெக்கானிக் சிரிக்கிற தக்காளியைப் பார்த்தான். "அதாவது, நான் மூணு மாசம் கண்ணால பாக்காத எண்ணெயை, நீங்க என் பேர்ல நூத்தி அறுபத்தெட்டு கரண்டி ஊத்தியிருக்கீங்க."

"விதிமுறை சார்."

"அதனால என்ன?"

"அதனாலதான் எல்லாமே." அவள் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இந்த நிறம் இருக்கே, அது தண்ணில கரையாது. எண்ணெய்லதான் கரையும். கூட கொஞ்சமாவது எண்ணெயோ கொழுப்போ இல்லைன்னா ரத்தத்துல சரியா சேராது. உள்ள வந்து சுத்திப் பாத்துட்டு அப்படியே வெளிய போயிடும். நீங்க நெஜமாவே எண்ணெய் இல்லாம சாப்பிட்டிருந்தா, எவ்ளோ தின்னாலும் கோடு இப்படித்தான் படுத்துக் கிடக்கும்."

மெக்கானிக்குக்குத் தெளிவாகப் புரிந்தது. லிஃப்ட் எல்லா மாடிக்கும் போகிறது. எந்த மாடியிலும் கதவு திறக்கவில்லை. உள்ளே ஆள் இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

"அப்ப நான் பொய் சொல்லலைன்னு எழுதித் தாங்க."

"பொய் சொன்னதா நிரூபிக்க முடியலைன்னு எழுதித் தரேன்," என்றாள். விஞ்ஞானிகளால் அவ்வளவுதான் முடியும். எழுதி, முத்திரை குத்தி, கொடுக்கும்போது அவள் கை பாதியில் நின்றது. "ஆனா சார், அப்படின்னா மேடமுக்கு எப்படி ஏறுச்சு?"

"அவ உடம்பு வாகு அப்படி," என்றான் மெக்கானிக், பெருமையாக. "நீங்கதானே மாநாட்டுல பேசப் போறீங்க."

ஊரிலேயே பொய்யில் அனுபவசாலி அவன். ஆனாலும் மனைவி பொய் சொல்லியிருக்கலாம் என்ற யோசனை அவன் மண்டையில் எந்த மாடியிலும் நிற்கவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் அவளிடம் காட்டிவிட வேண்டும் என்று நேராகப் பதிவு அலுவலகத்துக்கு ஓடினான்.

மதியம் ஒன்றேகால். வராந்தாவில் ஆட்கள் பெஞ்சில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் காவலாளி எழுந்து நின்றார்.

"மேடம் ரெக்கார்டு ரூம்ல இருக்காங்க சார். ஒரு மணிலேர்ந்து ஒண்ணே முக்கால் வரைக்கும் பழைய பத்திரமெல்லாம் சரிபாப்பாங்க. கதவைக்கூட சாத்திக்குவாங்க, தூசு வரக்கூடாதுன்னு. மூணு மாசமா ஒரு நாள் தவறல. என்ன ஒரு சின்சியர் பாருங்க."

மெக்கானிக் வராந்தாவின் கடைசிக்குப் போனான். பாதி வழியிலேயே ஒரு வாசனை வந்து அவன் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனது. பழைய பத்திரங்களுக்கு இப்படி ஒரு வாசனை இருக்கும் என்று அவன் கேள்விப்பட்டதில்லை. வதங்கிய வெங்காயம். ஓரம் முறுகிய கேரட். கதவைத் தள்ளினான்.

இரண்டு இரும்பு அலமாரிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் மின்சார அடுப்பு, அடுப்பில் வாணலி. வாணலியின் ஒரு பக்கம் டைப்பிஸ்ட் அம்மாள், கையில் தட்டு. இன்னொரு பக்கம் மனைவி, கையில் கரண்டி. சிவப்பு மூடி டப்பா காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. அதில் இருந்ததெல்லாம் எண்ணெயில் பளபளவென்று புரண்டுகொண்டிருந்தது. காலையில் அதே குக்கரிலிருந்து வந்த அதே பூசணி. இப்போது அடையாளம் தெரிந்தது.

"கதவை மூடுங்க," என்றாள் மனைவி. "வாசனை வெளிய போகுது."

மூடினான்.

"எத்தனை நாளா?"

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து. மொத வாரம் நெஜமாவே முயற்சி பண்ணேன்."

"அழுதாங்க சார்," என்றார் டைப்பிஸ்ட் அம்மாள், சிபாரிசாக. "என்னால பாக்க முடியல. நான்தான் அடுப்பைக் கொண்டாந்தேன்."

மெக்கானிக் காகிதத்தை எடுத்து நீட்டினான். எண்ணெய்க் கட்டம், ஊர் சராசரி, கரையாத நிறம் எல்லாவற்றையும் சொன்னான். மனைவி காகிதத்தை வாங்கி, வழக்கம்போல முதலில் முத்திரையைப் பார்த்தாள், பிறகு தேதியைப் பார்த்தாள், பிறகுதான் படித்தாள். படித்து முடித்தும் தலை நிமிரவில்லை.

"அப்ப எல்லாத்தையும் தின்னீங்களா?"

"தின்னேன்."

"அந்த முள்ளங்கி அன்னிக்குமா?"

"அன்னிக்கும்."

"அந்த முள்ளங்கியை வாணலில போட்டும் எங்களால முடியல," என்றார் டைப்பிஸ்ட் அம்மாள்.

மனைவி அவனைப் பார்த்தாள். அலுவலகத்தில் ஒரிஜினல் பத்திரம் ஒன்று அபூர்வமாகக் கைக்கு வரும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"நம்புறியா?" என்றான்.

"நம்புறேன்."

அவ்வளவு சுலபமாக வந்தது. பத்து வருடம் காத்திருந்த வார்த்தை, எண்ணெய் வெடிக்கும் சத்தத்துக்கு நடுவே, கையில் கரண்டியோடு. பதிவு செய்ய அதைவிடப் பொருத்தமான அலுவலகம் கிடையாது. சாட்சிக்கு ஒரு ஆள்தான் குறைவு. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெங்காயமாகவும் இருக்கலாம்.

"சரி," என்றான். "முகாம்? உங்க அப்பாகிட்ட என்ன சொல்றது? நான் தின்னேன்னு சொன்னா, உனக்கு எப்படி ஏறுச்சுன்னு கேப்பார். அதைச் சொன்னா..."

"இதைப் பாத்துக்குங்க, அடி பிடிக்கும்," என்று கரண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு மனைவி போனை எடுத்தாள்.

"அப்பா, நான்தான். சாப்பிட்டீங்களா? என்ன சுரைக்காயா, நல்லது. அப்பா, அவர் வர முடியாது போலிருக்கு. இல்ல இல்ல, ஆசையாத்தான் இருந்தார், பனியன்கூட வாங்கியாச்சு. இப்பதான் ஆய்வு மையத்துலேர்ந்து எழுதிக் கொடுத்திருக்காங்க, முத்திரையோட. அவர் உடம்புல கொழுப்பு ரொம்பக் கம்மியாம். பச்சைக் காய் கொடுத்தா ஆபத்தாம். எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆமா, அவர் ரொம்ப ஒடஞ்சு போயிட்டார். பக்கத்துலதான் இருக்கார், பேச முடியாத நெலைமைல இருக்கார்."

மெக்கானிக் வாணலியைக் கிளறிக்கொண்டே கேட்டான். ஒரு இடத்திலும் குரல் தடுமாறவில்லை. மூச்சு வாங்கவில்லை. எதிர்க் கேள்வி வரும் இடத்தில் முன்கூட்டியே பதில் போய் உட்கார்ந்துகொண்டது. நடுவில் ஒரு பெருமூச்சு விட்டாளே, அதை அவன் நூறு வருடம் பழகினாலும் விட முடியாது. சட்டைப் பையில் சிகரெட்டை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்த தன் பழைய காலத்தை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது.

போனை வைத்துவிட்டு அவள் ஒரு தட்டை எடுத்து அவனுக்கும் போட்டாள்.

"அந்த ஆய்வுக்காரப் பொண்ணு பாவம்," என்றான் வாய் நிறைய. "உன்னை அதிசயம்னு மாநாட்டுல சொல்லப் போறாங்க."

"நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிடறேன். அவங்க கணக்கைக் கெடுக்கக் கூடாது."

"எல்லாத்தையுமா?"

"எண்ணெயை மட்டும் சொல்லிடறேன்," என்றாள். "வெண்ணெயை எதுக்குச் சொல்லிட்டு."

"வெண்ணெயா?"

டைப்பிஸ்ட் அம்மாள் ஒன்றும் கேட்காத மாதிரி அலமாரிப் பக்கம் திரும்பி, இரண்டு பத்திரக் கட்டுகளுக்கு நடுவே எதையோ இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார்.